போக்கர் ஸ்ட்ராடஜி படிக்கப்போய் 185,000 ரூபாய் விட்டேன் – கொழும்பில் இருப்பவர்கள் கவனம்

185,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கும் அது தெரியவேண்டும். நேற்று இரவு பதினொன்றரைக்கு போக்கர் என்ற காட்ஸ் ஆட்டம் சொல்லித்தந்த வகுப்பின் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அதுவரைக்கும் "காசு வரும், வரும்" என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

பிரித்துச் சொன்னால்: வகுப்புக் கட்டணம் 40,000, முதல் தடவை சிப்ஸ் (ஆட்டத்தில் காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்) வாங்கியது 25,000, இரண்டாம் தடவை 50,000, வென்ற காசை எடுப்பதற்கென்று கட்டிய "சரிபார்ப்புக் கட்டணம்" 70,000. கூட்டிப் பாருங்கள்.

"சூதாடினாய், போச்சு, எதற்கு அழுகிறாய்" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டில் 304 என்ற காட்ஸ் ஆட்டம் விளையாடாத ஆள் கிடையாது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று பள்ளிக்கூடக் கணக்குக்கு முன்னமே எனக்குப் பாடம். துரும்பு யாரிடம் இருக்கும், எதிர்க் கட்சிக்காரன் ஏன் அந்தக் காட்ஸைப் போட்டான் என்று யோசிப்பது ரத்தத்திலேயே இருக்கிறது. வேலை புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்குப் பிரிவில். 2020 ஊரடங்கில் போனில் இலவச போக்கர் விளையாடத் தொடங்கினேன், அப்புறம் விடவில்லை. அதுவரை ஐந்து சதம் காசு போட்டதில்லை.

வகுப்பு நடத்திய ஆளை அறிமுகப்படுத்தியது கூட வேலை செய்யும் நண்பன். அவனும் 40,000 கட்டியவன்தான், அவனைத் திட்டிப் பயனில்லை. "டோர்னமன்ட் ஸ்ட்ராடஜி, தமிழில்" என்று இலவச சூம் வகுப்பு ஒன்று. அதற்குப் பிறகு நேரில் சந்திக்கலாம் என்றார். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னேரம் ஐந்து மணி, பிளேன்டீயும் உளுந்து வடையும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அயன் பண்ணின சேர்ட், அமைதியான பேச்சு. எல்லோரும் அவரைக் கோச் அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் புத்தி கெட்டது அந்த மேசையில்தான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். கடைக்காரர் கொண்டுவந்து வைத்த பில்லைத் திருப்பிப்போட்டு, பேனையை எடுத்து எழுதினார்.

"தம்பி, டோர்னமன்டில் மூன்று பேர் மிச்சம். பரிசு 50,000, 30,000, 20,000. மூன்று பேரிடமும் ஒரே அளவு சிப்ஸ். உங்கட பங்கு எவ்வளவு?"

"33,333" என்றேன்.

"சரி. இப்ப ஒருத்தன் ஓல்-இன், எல்லாச் சிப்ஸையும் வைக்கிறான். நீங்கள் கோல் பண்ணி, அதே அளவு வைத்து வென்றால் சிப்ஸ் இரட்டிக்கும். காசு இரட்டிக்குமா?"

இரட்டிக்காது. வென்றால் என்னிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப்ஸ். அப்போதும் முதலாவது வர மூன்றில் இரண்டு வாய்ப்பு, இரண்டாவது வர மூன்றில் ஒன்று. அதன் பெறுமதி 43,333. தோற்றால் மூன்றாம் பரிசு 20,000. கிடைப்பது 10,000, இழப்பது 13,333. அதாவது நூற்றுக்கு 57 தடவையாவது வெல்லக்கூடிய கை இல்லாவிட்டால் கோல் பண்ணுவது நட்டம். "இரண்டு எட்டு, ஒரு ஜோடி வைத்திருக்கிறீர்கள், அவன் ஏஸ்-கிங் என்று திறந்தே காட்டுகிறான். உங்களுக்கு 55 வீதம். முன்னுக்கு நிற்கிறீர்கள். ஆனாலும் ஃபோல்ட், மடக்கிவிடவேண்டும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. சிப்ஸைப் பரிசுக் காசாக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஐசிஎம் என்று பெயர். வீட்டுக்கு வந்து கொப்பியில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு இலக்கமும் சரி. இன்றைக்கும் சரி. அந்தப் பில் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அப்புறம் கிறிஸ் மணிமேக்கர் கதை. அமெரிக்காவில் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், 2003ல் 86 டொலர் ஒன்லைன் தகுதிச் சுற்றில் வென்று, 839 பேர் விளையாடிய உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டிக்குப் போய் 25 லட்சம் டொலர் எடுத்தவர். "நீங்களும் கணக்குக்காரன் தானே தம்பி" என்று சிரித்தார். 2019ல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றதையும் எடுத்துவிட்டார்: "வெறும் அதிர்ஷ்டமென்றால் கணினி எப்படிப் படிக்கும்?" எல்லாம் உண்மைச் செய்திகள். பொய் சொல்கிறவனைப் பிடித்திருப்பேன். இந்த ஆள் அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

எழும்பும்போது தோளில் கைவைத்து, "கடன் வாங்கின காசில் ஒருநாளும் விளையாடாதீங்கோ" என்றார். அதோடு நான் முடிந்தேன். இப்படிப் புத்திமதி சொல்கிறவன் ஏமாற்றுவானா? அன்று இரவே 40,000 அனுப்பினேன்.

வகுப்பைக் குறை சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் பிளைன்ட் (காட்ஸ் பார்க்க முன் இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயம், பெரியது பிக் பிளைன்ட்) சின்னது, அவசரம் வேண்டாம். கையிருப்பு பத்து பிக் பிளைன்டுக்கு இறங்கினால் கோல் பண்ணி வேடிக்கை பார்க்காதே, தள்ளு இல்லாவிட்டால் மடக்கு. பரிசு எல்லை நெருங்கும்போது சிப்ஸ் நிறைய வைத்திருப்பவன்தான் ராஜா. எவ்வளவு நன்றாக விளையாடினாலும் பெரும்பாலான டோர்னமன்டுகளில் பரிசில்லாமல்தான் வெளியே வருவாய் என்பதையும் சொல்லித்தந்தார். அந்தக் கடைசிப் பாடம் எதற்கென்று பிறகுதான் விளங்கியது. தோற்கிறவன் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு.

மூன்றாம் வாரம், "பயிற்சிக்கு நம்மட ஆட்களின் கிளப் இருக்கு" என்றார். பெயர் சொல்லவில்லை, தேவையுமில்லை. போனில் இறக்கும் செயலி, அதற்குள் தனித்தனிக் கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, அவருக்குக் கீழே ஏஜன்ட். செயலிக்குள் காசே இல்லை. ஏஜன்டின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டால் அவர் சிப்ஸ் ஏற்றிவிடுவார். அந்தச் செயலியின் விதிமுறைகளிலேயே சிப்ஸுக்குக் காசுப் பெறுமதி கிடையாது என்று எழுதியிருக்கிறது. நேற்றுத்தான் வாசித்தேன்.

முதலில் 25,000. சின்ன டோர்னமன்ட் ஒன்றில் 6,000 கிடைத்தது, கேட்ட பத்து நிமிஷத்தில் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. தூண்டிலில் புழு குத்துவது இப்படித்தான். அந்த 6,000ஐயும் திரும்பச் சிப்ஸாக மாற்றித் தொலைத்தேன், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் "பெரிய ஞாயிறு" என்று ஒன்று: நுழைவு 25,000, ஒருமுறை திரும்ப நுழையலாம், அதற்கு இன்னொரு 25,000. இரண்டையும் கட்டினேன். 43 நுழைவுகள். விடிய இரண்டரை மணிக்கு இரண்டாமிடம் வந்தேன். திரையில் 240,000.

கடைசிக் கையைச் சொல்லவேண்டும். என்னிடம் ஒன்பதும் எட்டும், வரவேண்டிய வரிசை வரவில்லை, ரிவரில், அதாவது கடைசிப் பொதுக் காட்ஸ் விழுந்ததும், வெறும் மிரட்டலாக எல்லாவற்றையும் தள்ளினேன். எதிராளி இரண்டு விநாடிகூட யோசிக்காமல் கோல் பண்ணினான். காட்டியது குயின். ஜோடிகூட இல்லை, தனிக் குயின்! கோச் அண்ணாவிடம் கேட்டேன். "வேரியன்ஸ் தம்பி, அதிர்ஷ்டம் ஏறி இறங்கும், நல்லா விளையாடினீங்கள்" என்றார்.

அப்சலூட் போக்கர் என்ற தளத்தில் 2007ல் நடந்ததை இந்தக் கிழமைதான் தேடி வாசித்தேன். அங்கேயும் ஒரு டோர்னமன்டின் கடைசிக் கையில் வெறும் பத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கோல் பண்ணினார். இரண்டாமிடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்டபோது தற்செயலாக எல்லோருடைய மறைவான காட்ஸும் அடங்கிய கோப்பு வந்து சேர்ந்தது. தளத்துக்குள்ளிருந்தே ஒரு கணக்கு எல்லாக் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. எனக்கு அப்படிக் கோப்பு எதுவும் வரவில்லை. ஆனால் போனில் கிடந்த பழைய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இறுதி மேசையில் இரண்டு பெயர்கள், மூன்று மணித்தியாலத்தில் ஒருவருக்கொருவர் ஒரு பெரிய கைகூட விளையாடவில்லை. நடுவில் யாராவது அகப்பட்டால் மட்டும் இருவரும் மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து. திங்கள்: "ஏஜன்ட் மாத்தறை போயிருக்கிறார்." செவ்வாய்: "போயா தம்பி, வங்கி லீவு." அதுவரை சரி. புதன்: "பெரிய தொகை, கணக்கைச் சரிபார்க்க 70,000 கட்டவேண்டும், காசோடு சேர்த்துத் திரும்ப வரும்." நான் மாட்டேன் என்றேன். உடனே குரல் பதிவு வந்தது, அதே அமைதியான குரல்: "என்னை நம்பவில்லையா தம்பி? நானும் முதல் தடவை கட்டினவன்தான்." கட்டினேன். என் காசு இல்லை, மனைவியின் சீட்டுக் காசு. கடன் காசில் விளையாடாதே என்று சொன்ன அதே வாய்.

வியாழன், இன்னும் 45,000 வரி என்றார்கள். அப்போதுதான் என் கணக்குப் புத்தி வேலை செய்தது: 240,000ல் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாங்கோ என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வெள்ளி, "மீட்டிங்கில் இருக்கிறேன்." சனி, "நீங்கள் ஏஜன்டோடதான் கதைக்கவேணும், எனக்குச் சம்பந்தமில்லை." ஞாயிறு இரவு குழுவில் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். நான்கு நிமிஷத்தில் வெளியே. என் நண்பனையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள், பாவம் அவன் வாயே திறக்கவில்லை.

இன்று காலை வங்கிக்குப் போனேன். நீங்களே ஓடிபி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், எங்களால் திருப்பமுடியாது என்றார்கள். காசு போன மூன்று கணக்கும் மூன்று வேறு பெயர்கள், கோச் அண்ணாவின் பெயர் ஒன்றிலும் இல்லை. காவல் நிலையத்தில் எழுதினார்கள். எழுதும்போது அந்த உத்தியோகத்தர், "காட்ஸ் விளையாடியா?" என்று இரண்டு தடவை கேட்டார். 185,000 என்று சொல்ல எனக்கே கூசியது.

போக்கரில் ஸ்ட்ராடஜி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அந்தப் பில் துண்டில் பிழையே கிடையாது. ஆனால் அந்த 57 வீதக் கணக்கு, மற்றவனுக்கும் என் காட்ஸ் தெரியாது, பரிசைக் கொடுப்பவன் கொடுப்பான் என்ற இரண்டையும் வைத்துத்தான் நிற்கிறது. இரண்டும் இல்லாத மேசையில் ஐசிஎம் படித்தவனும் ஒன்றுதான், காட்ஸ் குலுக்கத் தெரியாதவனும் ஒன்றுதான். படித்தவன் இன்னும் மோசம். தோல்விக்கு அவனே காரணம் கண்டுபிடித்துக்கொள்வான்.

நிறைய ஆலோசனை எழுதலாமென்றுதான் தொடங்கினேன், இப்போது தலை வேலை செய்யவில்லை. இவ்வளவுதான். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டுச் சிப்ஸ் வாங்காதீர்கள். வென்ற காசை எடுக்க முன்காசு கேட்டால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள், அதுவரை போனதோடு போகட்டும். என் 70,000 அப்படித் தப்பியிருக்கும். முதல் தடவை சின்னத் தொகை ஒழுங்காக வந்தது என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட், பற்றுச்சீட்டு, குரல் பதிவு எல்லாவற்றையும் குழுவில் வாய் திறக்க முன்னமே சேமியுங்கள். நான் பிந்திவிட்டேன், பாதி அழிந்துவிட்டது. இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் ஸ்ரீலங்கா சேர்ட் (CERT) நிறுவனத்துக்கு 101 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், பொலிஸ் கணினிக் குற்றப் பிரிவுக்கும் முறைப்பாடு கொடுக்கலாம்.

ஆளின் பெயரையும் செயலியின் பெயரையும் இங்கே கேட்காதீர்கள், முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தைப் பக்கம் பில்லைத் திருப்பிப்போட்டு 50,000, 30,000, 20,000 என்று உங்களுக்கும் யாராவது எழுதிக்காட்டியிருந்தால், எந்தத் திகதி, எந்தக் கணக்குக்குக் காசு போட்டீர்கள் என்பதை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். நாளைக்கு மறுபடி காவல் நிலையம் போகிறேன், இரண்டு பேராவது சேர்ந்து போனால் நல்லது.