விமான ஹீட்டர் மக்கர் செய்கிறது: துடைப்பதா, ஓவர்ஹாலா, மாற்று ஹீட்டரா?

ஒற்றை இன்ஜின் சிறு விமானத்தில் புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதில் சூடாகும் காற்றைக் கேபினுக்குள் விட்டால் போதும். பீச்கிராஃப்ட் பாரன், செஸ்னா 310 போன்ற இரட்டை இன்ஜின் விமானங்களில் இன்ஜின்கள் இறக்கையில் இருக்கின்றன. அதனால் மூக்குப் பகுதியில் ஹீட்டராகத் தனியாக ஒரு பெட்ரோல் அடுப்பே வைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்குப் போகும் அதே பெட்ரோலை நாசில் என்ற நுண்துளை முனை தூவும், ஸ்பார்க் பிளக் விடாமல் பொறி கொடுக்கும், எரிகுழாய்க்குள் தீ சுழலும். குழாய்க்கும் வெளி ஜாக்கெட்டுக்கும் நடுவே ஓடும் காற்றுதான் நம் கால்களுக்கு வருகிறது. தீப்புகைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே.

ஹீட்டர் தாமதமாகப் பற்றுகிறது, பற்றும்போது 'டும்' என்கிறது, அல்லது பற்றவே மறுக்கிறது. அப்போது உரிமையாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, விமானத்திலிருந்து கழற்றாமலே சுத்தம் செய்வது. ஸ்பார்க் பிளக்கில் ஈயப் படிவு ஏறியிருக்கும். அதைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிசெய்யலாம், வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம், காற்றை ஊதும் மின்விசிறியின் (ப்ளோயர்) கார்பன் பிரஷ்களைப் பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. பாதி நேரம் ஹீட்டர் இதிலேயே எரியத் தொடங்கிவிடும், எனக்கு இதில் பயமே அதுதான். எரிகிறது என்றால் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஓட்டை விழுந்த குழாயிலும் தீ நன்றாகவே எரியும். அப்புறம், நாசிலின் துளையைக் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. துளை துளியளவு சிதைந்தாலும் தூவல் ஒரு பக்கம் சாய்ந்து, தீ குழாயின் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

எரிகுழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் அந்த ஈயத்தை வெளியேற்றுவதற்காகப் புரோமின் சேர்மமும் இருக்கிறது. அதன் படிவு குழாய்க்குள் தங்கி, கோடை முழுக்க ஹீட்டர் சும்மா கிடக்கும்போது ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. ஓடாத ஹீட்டரும் கெடும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். தரையிறங்கியதும் ஹீட்டரை அணைத்துவிட்டு, இரண்டு நிமிடமாவது மின்விசிறியை ஓடவிடாமல் மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவது அடுத்த எதிரி. காற்றில்லாமல் கொதிக்கும் குழாய் நெளிந்து, வெல்டிங் ஓரமாக விரியும்.

இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாய்களை எல்லாம் அடைத்துக் குழாய்க்குள் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஜேனிட்ரால் என்ற பிராண்டின் பி வரிசை ஹீட்டர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 1996-இல் இட்ட ஆணைப்படி, அழுத்தம் 6 பி.எஸ்.ஐ.யிலிருந்து 1-க்கு இறங்க 45 நொடியாவது ஆக வேண்டும். ஹீட்டர் 100 மணி ஓடியதும், அல்லது 24 மாதத்துக்கு ஒருமுறை, இந்தச் சோதனை திரும்பவும் வரும். சவுத் விண்ட் என்ற இன்னொரு பிராண்டின் ஹீட்டர்களுக்கும் 2017-இல் தனி ஆணை வந்தது.

சோதனையில் குழாய் தோற்றால் இரண்டாவது வழி: நம் ஹீட்டரையே கழற்றி ஓவர்ஹால் செய்வது. புதிய எரிகுழாய், புதிய நாசில், கேஸ்கட்டுகள், அதிக சூட்டில் அணைக்கும் சுவிட்சின் சோதனை எல்லாம் இதில் அடக்கம். குழாய் ஒன்றின் விலையே கையைச் சுடும், சில வாரங்கள் விமானம் குளிரில் நிற்கும். ஆனால் அந்த ஜாக்கெட்டின் வரலாறு நமக்குத் தெரியும், எது மாறியது என்று ஒவ்வொன்றும் பதிவேட்டில் இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது வழி, ஓவர்ஹால் செய்து தயாராக வைத்திருக்கும் மாற்று ஹீட்டரை வாங்கி, பழையதைக் கொடுத்துவிடுவது. வேகத்தில் இதை அடித்துக்கொள்ள எதுவுமில்லை. இரண்டு விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது புதிய குழாயா, சோதனையில் தேறிய பழைய குழாயா? நம் பழைய ஹீட்டர் திரும்பச் செப்பனிட முடியாத நிலையில் இருந்தால், அதற்காகப் பிடித்து வைத்த முன்பணம் திரும்பி வருமா?

குழாய் சோதனையில் நன்றாகத் தேறி, ஓடிய மணியும் குறைவு என்றால் முதல் வழியே போதும், பணத்தைக் கொட்ட வேண்டாம். தோற்றுவிட்டது, ஜனவரிக் குளிரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பறந்தே ஆக வேண்டும் என்றால் மாற்று ஹீட்டர் சரி. எந்த வழியில் போனாலும், புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு எண்ணாகக் காட்டும் கருவி ஒன்றைப் பேனலில் வையுங்கள். நிறம் மாறும் அட்டையை நம்ப வேண்டாம்.

முடிந்தால் சோதனையை வசந்த காலத்திலேயே, குளிர் முடிந்த கையோடு செய்துவிடுங்கள். மே மாதத்தில் குழாய் தோற்றால் ஓவர்ஹாலுக்கு ஆகும் வாரங்கள் ஒரு பொருட்டே இல்லை.