அளவு என்னுடையது, கிளப் வேறு யாருடையதோ: பெங்களூர் ஃபிட்டிங் கடையில் நடந்தது

பெங்களூரில் கோல்ஃப் கிளப் ஃபிட்டிங், அதாவது நம் உடம்புக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி கோல்ஃப் மட்டையை அளவெடுத்து வாங்குவது, செய்துகொள்ள நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. விவகாரம் இன்னும் முடியாததால் வக்கீல் நண்பர் வேண்டாம் என்றார். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை எந்த ஊரிலும் எந்தக் கடையும் செய்யலாம்.

சுருக்கம் இதுதான். என் உயரம், கை நீளம், ஸ்விங் எல்லாவற்றையும் அளந்தார்கள். கம்பெனியிலிருந்து எனக்கென்றே செய்து வரும் என்று சொல்லி ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். கடைசியில் வேறு யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன அயர்ன் செட்டை (இரும்புத் தலைக் கிளப்புகள், எண் குறையக் குறையத் தூரம் கூடும்), ஸ்டிக்கர் மாற்றி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் 5 அடி 5 அங்குலம். கடைகளில் வரிசையாக நிற்கும் செட்டுகள் என்னைவிட உயரமான ஆளை மனதில் வைத்துச் செய்தவை. அதனால்தான் ஃபிட்டிங்குக்கே போனேன். நேராக நிற்கவைத்து மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்தார்கள், கையுறை அளவு பார்த்தார்கள், கிளப்பின் அடியில் டேப் ஒட்டி ஒரு பலகையின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார்கள். டேப்பில் விழும் கோடு நடுவில் இருந்தால் லை (கிளப்பின் கம்பு சாயும் கோணம்) சரி, ஹீல் பக்கமோ (தலையில் நம் காலை ஒட்டிய முனை) டோ பக்கமோ (எதிர் முனை) ஒதுங்கினால் மாற்ற வேண்டும். முறைப்படிதான் எல்லாம் நடந்தது. முடிவில், வழக்கமானதைவிடக் கால் அங்குலம் குட்டை, லை 1 டிகிரி படுக்கை, 95 கிராம் அளவில் ரெகுலர் (நடுத்தர விறைப்புள்ள) ஸ்டீல் ஷாஃப்ட், அதாவது கம்பு, என்று எழுதினார்கள். அந்தத் தாளை நான் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

தூரம் காட்டும் வித்தை அடுத்து வந்தது. இதில் எல்லாவற்றையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் விவரம் தெரிந்துகொண்டு போவது நல்லது. என் பழைய 7 அயர்னை முதலில் அடிக்கச் சொன்னார்கள், உடம்பு சூடாவதற்கு முன்னால், தேய்ந்துபோன ரேஞ்ச் பந்தில். பிறகு காபி, பேச்சு, கொஞ்சம் பயிற்சி. அதற்கப்புறம் புது கிளப், புதுப் பந்து. திரையில் பதினைந்து யார்டு கூடுதல்! யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆனால் என் பழைய 7 அயர்னின் லாஃப்ட் (கிளப்பின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறைந்தால் தூரம் கூடும்) 34 டிகிரி, அவர்கள் கொடுத்ததோ 29. பழைய கணக்கில் பார்த்தால் அது 6 அயர்னைவிடவும் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. அடியில் பொறித்திருக்கும் எண் மட்டும்தான் 7. இது ஏதோ ஒரு கடையின் தந்திரம் என்று நினைக்காதீர்கள், இருபது முப்பது வருடமாகப் பல கம்பெனிகளும் லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. தலையின் எடையைக் கீழே இறக்கிவிட்டதால் பந்து உயரமாகவும் எழும்புகிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து "பாருங்க சார், எவ்வளவு வித்தியாசம்" என்பது வியாபாரம்.

இன்னொன்று, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று லேசானது என்பதால் 150 யார்டு அடியில் ஐந்தாறு யார்டு சும்மாவே கூடும். நான் ஆடும் சென்னையில் அது கிடைக்காது. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் கணக்கிட்டுத் திரையில் காட்டும் லாஞ்ச் மானிட்டர்களில் கடல் மட்ட உயரத்தையும் பந்தின் வகையையும் நாமே குறித்துக் கொடுக்கலாம். அந்த செட்டிங்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் யார்டுக் கணக்கை விட்டுவிட்டு, பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி இந்த மூன்றை மட்டும் பழைய கிளப்போடு ஒப்பிடுங்கள்.

லாஃப்ட் குறைந்தால் பையின் கீழ்ப்பக்கம், அதாவது குறைந்த தூரத்துக்கான கிளப்புகளில், இடைவெளி விழும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்கான, லாஃப்ட் அதிகமான கிளப்) 44 டிகிரி, என்னிடம் இருந்த சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி வெற்றிடம். இடையில் 50 டிகிரி வெட்ஜ் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்ற விதி 1938-இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்தது. ஆகவே கீழே ஒன்று சேர்ந்தால் பலருக்கு மேலே, நீண்ட தூரக் கிளப்புகளில், ஒன்று போக வேண்டும். இதையெல்லாம் மொத்தப் பையாக வைத்துப் பார்ப்பதுதான் ஃபிட்டிங். அயர்னை மட்டும் விற்றுவிட்டு, வெட்ஜுக்கு அடுத்த மாதம் வாருங்கள் என்பது அல்ல.

சரி, செட் வந்தது. சொன்ன தேதிக்கு முன்பாகவே வந்தது. பொதுவாக இப்படிச் செய்து வரும் ஆர்டருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கொஞ்சம் ஆச்சரியமாகவே இருந்தது. பில்லில் கிளப் விலை போக, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஸ்பைன் அலைன்மென்ட் என்று தனியாக ஒரு தொகை. ஷாஃப்டின் வலுவான பக்கத்தைக் கண்டுபிடித்து அதை ஒரே திசையில் வைத்துப் பொருத்துவதாம். நல்ல ஷாஃப்டுகளில் இதனால் பெரிய பலன் உண்டா என்று கிளப் செய்கிறவர்களே இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். போகட்டும், செய்தார்கள் என்றால் காசு கொடுக்கலாம்.

சென்னைக்கு வந்து ஆட ஆரம்பித்ததும் பந்து இடது பக்கம் இழுத்தது. 5, 6 அயர்னில் அவ்வளவாகத் தெரியவில்லை. 9 அயர்னிலும் வெட்ஜிலும் கிரீனுக்கு (பந்தைப் போட வேண்டிய குழி இருக்கும் புல்தரை) இடதுபுறம் இருக்கும் பங்க்கரை (மணல் பள்ளம்) எனக்கே ஒதுக்கியதுபோல் ஆகிவிட்டது. கடைக்கு போன் செய்தேன். "புது கிளப் சார், கை பழகணும். ஸ்விங்ல ரிஸ்ட் சீக்கிரம் திரும்புது" என்றார் ஃபிட்டர். கோச்சிடமும் போனேன். அவரும் பாவம், இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்தது எங்கள் பையைத் தூக்கி வரும் கேடி (caddie) அண்ணன். எங்கள் மைதானத்தில் பல வருடமாக இருப்பவர். வெட்ஜால் அடித்துவிட்டுப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து, கிளப் வெட்டிய புல் குழியை, டிவட்டைப் பார்த்தார். "சார், இங்க வாங்க. உங்க காலுப் பக்கம் மட்டும் ஆழமா வெட்டியிருக்கு பாருங்க. அந்தப் பக்கம் புல்லுகூட சாயல. கிளப்பு உங்களுக்கு ரொம்ப நிமிந்து நிக்குது சார்" என்றார். குழியை விரலால் தடவிப் பார்த்தேன். ஹீல் பக்கம் மண் தெரிந்தது, டோ பக்கம் பச்சையாகவே இருந்தது.

லை என்பது கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும் கோணம். அது நமக்குத் தேவையானதைவிட நிமிர்ந்திருந்தால், அடிக்கும் நேரத்தில் டோ மேலே தூக்கி, முகம் இடது பக்கம் பார்க்கும். வலதுகைக்காரர் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பந்து இடதுபுறம்தான் போகும். லாஃப்ட் அதிகமான கிளப்பில் இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும். என் வெட்ஜும் 9 அயர்னும் மோசமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

சென்னையில் கிளப் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் மொத்த செட்டையும் கொண்டுபோனேன். கடை என்று சொல்ல முடியாது, ஒரு ஷெட். ஆனால் லாஃப்ட், லை அளக்கும் மெஷின் இருந்தது. முதலில் என் பழைய தாளைக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக மெஷினில் பூட்டி, அருகிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டு வந்தார். எல்லாக் கிளப்பும் வழக்கமான நீளத்தைவிட அரை அங்குலம் அதிகம், லை 2 டிகிரி நிமிர்வு. எனக்கு எழுதிக் கொடுத்தது 1 டிகிரி படுக்கை, ஆக வித்தியாசம் 3 டிகிரி. ஏழெட்டு கிளப்பும் ஒரே அளவில் தப்பாக இருந்தது. தவறுதலாக நடந்திருந்தால் ஒன்று கூட, ஒன்று குறைய இருக்கும் என்றார். இது யாருக்கோ சரியாகச் செய்த செட்.

அப்புறம் ஷாஃப்டில் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடினார். உரிந்து வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை, அதைவிட அகலமாக, அழுக்கேறிய ஒரு வளையமாக இருந்தது. ஷாஃப்ட் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் ஆன்லைனில் தனியாகவே கிடைக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதே மாடல் வைத்திருந்த, 95 கிராம் ஷாஃப்ட் போட்ட நண்பரின் 7 அயர்னையும் என்னுடையதையும் சமையலறைத் தராசில் நிறுத்தோம். என்னுடையது 20 கிராமுக்கு மேல் அதிகம். அரை அங்குல நீளத்துக்கும் கிரிப்புக்கும் அவ்வளவு எடை வராது. ஷாஃப்டே வேறு. தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் உள்ள கறுப்பு வளையம் தொழிற்சாலையில் போட்டபடியே இருந்தது, பிரிப்பதற்காகச் சூடு காட்டிய தடயமே இல்லை. அதாவது செட்டை யாரும் பிரிக்கவே இல்லை. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் வாங்கிய அந்த ஸ்பைன் அலைன்மென்ட் காசு எதற்கு?

ஹோசலில், அதாவது தலையில் ஷாஃப்ட் நுழையும் குழாயில், பொடி எழுத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கே மெயில் அனுப்பினேன். எல்லாக் கம்பெனியும் பதில் சொல்லும் என்று சொல்ல முடியாது, எனக்குப் பதில் வந்தது. அந்த எண்ணுள்ள செட், நான் அந்தக் கடை வாசலை மிதிப்பதற்கு வெகு முன்பே, வேறொரு டீலருக்கு, அரை அங்குலம் கூடுதல், 2 டிகிரி நிமிர்வு, கனமான ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட் என்ற அளவில் அனுப்பப்பட்டது. தையல்காரர் நமக்கு அளவெடுத்துவிட்டு, வேறு யாரோ வாங்காமல் போன சட்டையைக் காலர் மாற்றிக் கொடுத்த கதை.

கடையின் பதிலும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் என் ஸ்விங். பிறகு கம்பெனி தப்பாக அனுப்பிவிட்டது. கம்பெனி மெயிலைக் காட்டியதும், இலவசமாக வளைத்துக் கொடுக்கிறோம், செட்டை அனுப்புங்கள் என்றார்கள். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டால் போன் துண்டிக்கப்படும். கடைசியில் "கஸ்டம் ஆர்டர் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்த வரியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். எனக்கென்று செய்யவே இல்லாத பொருளுக்கு அந்த வரி எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே பதிவு செய்துவிட்டு, வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் அளவுத் தாளின் நகலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பில்லில் "அயர்ன் செட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள், நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்டின் பெயர், எடை, கிரிப் அளவு எல்லாம் அதில் ஏற வேண்டும். செட் வந்ததும் கடையிலேயே, உங்கள் கண்ணெதிரே மெஷினில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. நேர்மையாகச் செய்கிறவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். என் செட்டை அளந்த அந்த ஷெட்காரர் என் பழைய சாண்ட் வெட்ஜைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, கேட்காமலேயே மறுபடி அளந்து காட்டினார்.

அளந்து பார்த்துத் தப்பு என்று தெரிந்தால் அவசரப்பட்டு வளைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த) அயர்னைக் கொஞ்சம் தாராளமாக வளைக்கலாம், வார்ப்பு எஃகு என்றால் ஒன்றிரண்டு டிகிரியிலேயே முரண்டு பிடிக்கும், உடையவும் கூடும். அதைவிட முக்கியம், வளைத்துவிட்டால் சாட்சி போய்விடும். கடைக்காரர் இலவசமாக வளைத்துத் தருகிறேன் என்று அவ்வளவு ஆர்வமாகச் சொன்னதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். முதலில் ஹோசல் எண், ஸ்டிக்கர், மெஷின் காட்டும் அளவு மூன்றையும் தேதியோடு படம் எடுங்கள். அளந்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். என் செட் அதே அளவில் அலமாரிக்குள் இருக்கிறது, வழக்கு முடியும் வரை பழைய 34 டிகிரி 7 அயர்னில்தான் ஆட்டம்.