வயசான தோல் செல்லுக்கு பீட்டா ஆக்டினா, போன்சோ கறையா?
புரோட்டீன் அளவை ஆன்டிபாடி வச்சு பாக்குற வெஸ்டர்ன் ப்ளாட்னாலே, எல்லா சாம்பிளும் சமமா ஏறுச்சானு சரிபாக்க பழக்கத்துல பீட்டா ஆக்டின்ங்கிற செல் புரோட்டீனைத்தான் ரெஃபரன்ஸா போடுறாங்க, 42 கிலோடால்டன்ல தெளிவா ஒரு பேண்டு, ஆன்டிபாடியும் ஈஸியா கிடைக்கும், சரிதான். ஆனா தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் முதுமை நிலைக்கு போனா செல்லே தட்டையா பெருசா விரிஞ்சு உள்ள இருக்கிற ஆக்டின் இழைகளும் மாறிடுது, அப்ப மாறக்கூடிய ஒண்ணையே அளவுகோலா வச்சா முதுமையைக் காட்டுற பி16 புரோட்டீன் கூடுச்சா இல்ல ஆக்டின் குறைஞ்சுச்சானு எப்படிங்க சொல்றது? சாம்பிள் லோடு அதிகமானா பேண்டு வேற சாச்சுரேட் ஆகிடும், அதாவது புரோட்டீன் கூடினாலும் பேண்டுல வித்தியாசம் தெரியாது.

போன்சோ எஸ் சாயம் ஒவ்வொரு லேன்லயும் (ஒரு சாம்பிள் ஓடுற வரிசை) உள்ள மொத்த புரோட்டீனையும் சிவப்பா காட்டும், ஒண்ணு ரெண்டு மாறினாலும் மொத்தம் பெருசா அசையாது, கழுவிட்டு புரோட்டீன் ஒட்டியிருக்கிற அதே மெம்ப்ரேன்லயே ஆன்டிபாடி போடலாம். கொஞ்சம் மங்கல்தான், இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான். ஜீன் செயல்பாட்டை அளக்க கியூபிசிஆர் பண்றவங்க மட்டும் பல ரெஃபரன்ஸ் ஜீனை ஜிநார்ம்ங்கிற கணக்கு மென்பொருள்ல போட்டு உங்க செல்லுல எது நிலையா நிக்குதுனு பாத்து எடுங்க, ரெஃபரன்ஸ் ஒரு சிடி (சிக்னல் தெரிய ஆகுற சுழற்சி எண்ணிக்கை) நகர்ந்தாலே ரிசல்ட் ரெண்டு மடங்கு தப்பாகிடும்.