சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்: கானாடுகாத்தான் கைடு ஒருவரின் நீண்ட நாள் அனுபவம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். புதுச்சேரி, தஞ்சாவூர் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகும் வழியில் இங்கே இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் எங்களுக்குப் படியளக்கிறார்கள். இங்கிலீஷ் இல்லாமல் இங்கே வண்டி ஓடாது. அதற்காகப் பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்ற ஆறு நிமிஷ ஒலி நிகழ்ச்சியைக் கேட்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. காசு கேட்காத வாத்தியார் என்பதே முதல் ஈர்ப்பு.

புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தலைப்பை வைத்து இரண்டு பேர் பேசுவார்கள். ஆரம்பத்தில் ஒருவர் மூன்று விடை கொடுத்து ஒரு கேள்வி போடுவார், சரியான விடை கடைசியில் வரும். நடுவில் விஷயம் தெரிந்த ஒருவரின் பேச்சிலிருந்து சில துண்டுகள். முடிக்கும்போது அன்றைய ஆறு வார்த்தைகளை மறுபடி சொல்வார்கள். அந்தக் கேள்வி விளையாட்டு எனக்கு எப்போதோ சலித்துவிட்டது, இப்போதெல்லாம் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறேன்.

சரக்கு இருப்பது அந்த நடுத் துண்டில். தொகுப்பாளர்கள் நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர்கள். துண்டில் பேசுகிற ஆளுக்கு அந்தக் கவலையே கிடையாது. வாக்கியத்தைப் பாதியில் விடுவார், வார்த்தைகளை மென்று விழுங்குவார். அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் எழுத்து வடிவத்தைத் திறப்பேன். அந்தத் தாளிலேயே 'இது வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதியதல்ல' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். நிறையப் பேர் அதைக் கவனிப்பதில்லை. கேட்டதும் எழுதியிருப்பதும் கொஞ்சம் மாறினால் உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள்.

அதே இடத்தில் 'டிம்ஸ் ப்ரனன்சியேஷன் வொர்க்‌ஷாப்' என்று குட்டி வீடியோக்களும் உண்டு. அடுத்தடுத்த வார்த்தைகள் பேச்சில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, எந்த எழுத்து காணாமல் போகிறது என்று காட்டுகிற தொடர். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் உச்சரித்துப் பழகியவர்கள். இங்கிலீஷில் ஒன்றை அழுத்தினால் மற்றவை சுருங்கிப்போகும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் தொழிலில் பதினாறு, அறுபது இரண்டும் படுத்துகிற பாட்டை எல்லா கைடும் அறிவார்கள். சிக்ஸ்டீனில் பின்பாதியையும் சிக்ஸ்டியில் முன்பாதியையும் அழுத்திச் சொன்னால் பதினாறு அறை வீடு அறுபது அறையாகாது.

குறை என்று பார்த்தால், இது காதைத் தீட்டும், வாயைத் திறக்காது. நாம் தப்பாகப் பேசினால் திருத்த அங்கே ஆளில்லை. போதாததற்கு, இங்கே வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர் நிறைய. அவர்களுக்கும் இங்கிலீஷ் இரவல்தான். லண்டன் சொலவடையைப் போட்டால் முழிப்பார்கள்.

போன சீசனில் ஒரு ஜெர்மன் அம்மா வளவை, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றி அறைகளும் உள்ள பகுதியை, சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்டில் யாருமே இல்லை, அப்புறம் ஏன் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிப் பூட்டு?" என்று கேட்டார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை, அவரவர் சாமான் உள்ளே, சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ, வீடு மட்டும் பங்காளிகள் எல்லாருக்கும் பொது, கல்யாணம் காட்சி என்றால் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். இதைச் சொல்ல எந்தப் பாடத்திலும் வாக்கியம் கிடைக்காது.

அங்கே கைகொடுத்தது அமெரிக்க வானொலியின் பழைய பாணி. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' தொடங்கியபோது வகுத்துக்கொண்டது: சுமார் 1500 அடிப்படை வார்த்தைகள், ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி, மெதுவான வேகம். முகப்பு, வளவு, அதற்குப் பின்னால் வரும் இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த அளவிலேயே எழுதி, போனில் பதிந்து, நானே கேட்டுத் திருத்தி வைத்திருக்கிறேன். பர்மாத் தேக்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அதில் அடங்கிவிட்டன. சொலவடை ஒன்றுகூட இல்லை.

சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் யாருக்கு ஆகும் என்று கேட்டால், பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவர்களுக்குத் தாராளமாக ஆகும். அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு ஆறு நிமிஷமே ஆறு மணி நேரமாகத் தெரியும். தனியாகக் கேட்பதைவிடத் துணைக்கு ஓர் ஆள் இருப்பது நல்லது. சீசன் இல்லாத மாதங்களில் நானும் புதிதாகச் சேர்ந்த தம்பியும் எழுத்து வடிவத்தை ஆளுக்கொரு குரலாகப் பிரித்து வாசிக்கிறோம். நிபுணர் பகுதி எப்போதும் அவனுக்குத்தான், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.