கெர்பலில் சாட்டர்ன் 5: 540 டன் நகல் நெடுநாள் ஓட்டத்தில் எப்படி?

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமின் கடைசிப் பெரிய பதிப்பான 1.12 வந்தது 2021 ஜூனில். ‘இறந்துபோன கேம்’ என்று சிலர் சொல்வதுண்டு. நகல் ராக்கெட் கட்டுபவர்களுக்கு அதுவே வசதி. பதிப்பு மாறி மோட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்புகள்) உடைவதில்லை, பாதி கட்டிய ராக்கெட் கோப்பு பல மாதம் கழித்தும் அப்படியே திறக்கிறது.

அப்போலோ வீரர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5-ஐக் கட்ட ‘மேக்கிங் ஹிஸ்டரி’ விரிவாக்கம் வேண்டும். அது இல்லாவிட்டால் 3.75 மீட்டரோடு தொட்டிகளின் அகலம் நின்றுவிடும். ஒல்லிக்குச்சி ராக்கெட்தான் கிடைக்கும். 5 மீட்டர் தொட்டி, சாட்டர்னின் முதல் அடுக்கு எஞ்சினான எஃப்-1இன் சாயலில் மாஸ்டடான், மேல் அடுக்குகளின் ஜே-2வின் சாயலில் ஸ்கிஃப், மூவர் கலத்தின் பின்னால் வரும் சேவைக்கலத்துக்கு வுல்ஃப்ஹவுண்ட் எஞ்சின், இரண்டு பேர் அமரும் நிலாக்கலம் எல்லாமே அதில்தான் இருக்கின்றன.

முதல் ஏமாற்றம் உருவத்தில். உண்மையான சாட்டர்னின் கீழ் அடுக்குகள் இரண்டும் சுமார் 10.1 மீட்டர் அகலம், மூன்றாவது 6.6, அப்போலோ கலம் 3.9. அடியை 5 மீட்டராகச் சுருக்கினால் மூன்றாவது அடுக்கு 3.3 மீட்டரும் கலம் 1.9 மீட்டரும் இருக்க வேண்டும். கேமில் இருப்பதோ 3.75, 2.5. அதனால் எந்த நகலுக்கும் தலை கொஞ்சம் வீங்கித் தெரியும். 1.875 மீட்டர் பாகங்கள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும், ஆனால் அந்த அகலத்தில் மூன்று பேர் அமரும் கலம் கிடையாது. தலை வீக்கத்தை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். உயரம் 55 மீட்டர் அருகில் வந்தால் தூரத்திலிருந்து பார்க்கச் சாட்டர்னாகவே தெரியும்.

உருவத்தை விட எடைக் கணக்கில்தான் நகல் உயிர் பெறுகிறது. ஐந்து மாஸ்டடான்கள் தரைமட்டத்தில் ஏறத்தாழ 6,400 கிலோநியூட்டன் தரும். உண்மையான சாட்டர்ன் கிளம்பும்போது உந்துவிசைக்கும் எடைக்குமான விகிதம் 1.2 அளவில்தான் இருந்தது. அந்தச் சோம்பலான எழுச்சி வேண்டுமென்றால் மொத்த எடை 540 டன். முதல் அடுக்கில் 285 டன் எரிபொருள், இரண்டாவதில் 95, மூன்றாவதில் 36, உச்சியில் சுமை 25 டன் என்று பிரித்தால் கணக்கு ஒத்துவரும். முதல் அடுக்கு கழன்றதும் ஐந்து ஸ்கிஃப்களின் 1,500 கிலோநியூட்டனுக்கு எதிரே 187 டன் நிற்கும், விகிதம் 0.8. அசல் இரண்டாம் அடுக்கும் பற்றவைத்த கணத்தில் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் இருந்தது. கேமின் எஞ்சின்களை வடிவமைத்தவர்கள் இதை யோசித்தே செய்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேற்சொன்ன மூன்று அடுக்குகளின் டெல்டா-வி, அதாவது எரிபொருள் முழுவதையும் எரித்தால் கிடைக்கும் வேக மாற்றம், ஏறத்தாழ 6,900 மீ/வி. கேமின் பூமியான கெர்பினில் சுற்றுப்பாதை ஏற 3,400, அதன் நிலவான மன்னை நோக்கி உந்த 860, ஆக 4,260 போதும். மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதை. இரண்டாம் அடுக்கு எரிந்து முடிவதற்குள்ளேயே சுற்றுப்பாதை வந்துவிடும். மூன்றாவதைச் சுற்றுப்பாதைக்கு ஒரு முறை, நிலவுக்கு ஒரு முறை என்று இரண்டு முறை பற்றவைக்கும் அழகு போய்விடும்.

கேமின் இயல்பு அளவிலேயே ஓட்டுபவர்கள் தொட்டிகளை முழுக்க நிரப்பக் கூடாது. முதல் இரண்டில் பாதி, மூன்றாவதில் முக்கால். எடை 340 டன்னுக்கு இறங்கும். மாஸ்டடான்களின் உந்துவிசை வரம்பை 62 விழுக்காட்டில் வைத்தால் பழைய 1.2 திரும்பக் கிடைக்கும். டெல்டா-வி 5,000. வேலை நடக்கும், ஆனால் பாதி காலித் தொட்டியோடு பறப்பது உறுத்தும். கோள்களை 2.5 மடங்கு பெரிதாக்கும் மோட்டைப் போட்டுத் தொட்டியை முழுக்க நிரப்புவதே சரியான வழி. தாழ்ந்த சுற்றுப்பாதை வேகம் 3.6 கிமீ/வி ஆகும். ஏற்றத்துக்கு 5,000-க்குள், நிலவுக்கு 1,350. மூன்று அடுக்கும் தம் பங்கைச் செய்து, 500 மீ/வி போல மிச்சமும் இருக்கும். கெர்பினின் ஆரம் 1,600 கிமீ ஆகும் ஜேஎன்எஸ்க்யூ என்ற கோள் மோட்டிலும் இதே ராக்கெட் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே நிலப்பரப்பும் அழகு.

கட்டுமானத்தில் அதிகம் தவறு நடக்கும் இடம் நிலாக்கலத்தை மூடும் கூம்பு. கூம்புறையை மூன்றாம் அடுக்கின் தலையில் தொடங்கி, சேவைக்கலத்தின் அடியில் முடிக்க வேண்டும். பார்க்க மூடியதுபோல் இருந்தாலும் அந்த உறை எடையைத் தாங்காது. உள்ளே உள்ள இடைச்சட்டத்தை இயக்கி, அதன் மேல் முனையில்தான் சேவைக்கலத்தைப் பிரிப்பானோடு உட்கார வைக்க வேண்டும். பலர் நிலாக்கலத்தின் டாக்கிங் போர்ட்டின் (இரு கலங்களை இணைக்கும் வாயின்) மேலேயே வுல்ஃப்ஹவுண்டை வைத்துவிடுகிறார்கள். இது குருவி தலையில் பனங்காய். முதல் அடுக்கு எரியும்போதே அந்த மூட்டு வளையும். பிரிந்த பின் போர்ட்டில் பிரிப்பானின் மிச்சம் ஒட்டிக்கொண்டால் இணைப்பே நடக்காது. நிலாக்கலத்தின் அடியையும் மூன்றாம் அடுக்கோடு தனிப் பிரிப்பானால் பிடியுங்கள். வுல்ஃப்ஹவுண்டின் தானியங்கி உறையை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: டாக்கிங் போர்ட்டைத் தலைகீழாக ஒட்டினாலும் கட்டுமானக் கூடத்தில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அது தெரியவருவது நிலவுக்குப் போகும் வழியில், இரண்டு போர்ட்டும் முட்டி முட்டி விலகும்போதுதான்.

இரண்டாம் அடுக்கின் ஐந்து எஞ்சின்களையும் தாங்கும் எஞ்சின் பிளேட்டிலும் ஒரு பொறி உண்டு. கீழ் அடுக்கைப் பிளேட்டின் மிதக்கும் முனையில் பொருத்த வேண்டும். நடு ஸ்கிஃப்பின் அடிமுனையில் ஒட்டினால் பிளேட்டுக்குள் இருக்கும் பிரிப்பான் வேலை செய்யாது.

ராக்கெட் ஆடுவதற்கு மருந்து முட்டுக் கம்பிகளை அள்ளி ஒட்டுவதல்ல. பாக எண்ணிக்கை ஏறி கேம்தான் திணறும். கேமின் அமைப்புகளில் ‘மேம்பட்ட மாற்றங்கள்’ என்பதை இயக்கினால், பாகங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் இறுக்கும் தானியங்கி முட்டு கிடைக்கும். பெரிய தொட்டிகளுக்கு ‘தாத்தா பாகம்’ என்ற தேர்வு போதும். நடு மாஸ்டடானின் திருப்பத்தைப் பூட்டுங்கள். அசலிலும் நடு எஃப்-1 அசையாது, வெளி நான்கு மட்டுமே திரும்பும். அந்த நான்கின் திருப்ப வரம்பையும் 30 விழுக்காட்டுக்கு இறக்கினால் ராக்கெட் பாம்புபோல் நெளிவது நிற்கும்.

பறப்பதில் பொறுமை வேண்டும். 1.2 விகிதத்தில் ராக்கெட் தளத்தை விட்டு ஊர்ந்துதான் எழும். அவசரப்பட்டுச் சாய்த்தால் மூக்கு கவிழும். வேகம் 80 மீ/வி தொட்டதும் 5 பாகை சாய்த்து, பிறகு வேகத்திசையைப் பின்தொடர விடுங்கள். நடு எஞ்சினை மட்டும் அணைக்க ஓர் ஆக்‌ஷன் குரூப் (ஒரே விசையில் இயங்கும் கட்டளை) வையுங்கள். அப்போலோ 11-இல் அது 2 நிமிடம் 15 விநாடியில் அணைந்தது. முதல் அடுக்கு பிரிந்தது 2:42-இல், தப்பிப்புக் கோபுரம் கழன்றது 3:17 வாக்கில். கேமில் எரியும் நேரம் வேறு, ஆனாலும் இந்த வரிசையைக் காப்பது சுகமாக இருக்கும். முதல் அடுக்கு பிரியும்போது பாதையின் உச்சப்புள்ளியை அடைய ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் 0.8 விகிதத்தில் இரண்டாம் அடுக்கு ஏறுவதற்குப் பதில் சரியும்.

மன்னுக்கான உந்தத்தை அதன் முன்பக்கமாகக் கடந்து போகும்படி அமையுங்கள். எஞ்சின் கைவிட்டாலும் பாதை தானே கெர்பினுக்குத் திரும்பும். முதல் அப்போலோ பயணங்கள் நம்பிய பாதையும் அதுதான். உந்தம் முடிந்ததும் கலத்தைத் திருப்பி, நிலாக்கலத்தோடு இணைந்து, இழுத்துக்கொண்டு போகும் வேலை. திருப்பும் முன் கேமைச் சேமிக்க மறக்காதீர்கள். இணைந்த பின் ‘இங்கிருந்து கட்டுப்படுத்து’ என்பதை மூவர் கலத்தில் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் திசைப்பந்து தலைகீழாகக் காட்டி, வேகம் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடும். இணைந்த நிலையில் வுல்ஃப்ஹவுண்டின் 375 கிலோநியூட்டன் அந்தச் சின்ன மூட்டுக்கு அதிகம். வரம்பைப் பாதியாக்குங்கள்.

நிலாக்கலத்தின் இறங்கும் அடுக்குக்கு டெரியர் எஞ்சின், ஏறும் அடுக்குக்கு ஸ்பார்க் எஞ்சின் போதும். இயல்பு அளவில் இறங்கவும் ஏறவும் தலா 600 மீ/வி அளவில் செலவாகும். ஒவ்வோர் அடுக்குக்கும் 900 வையுங்கள். பெரிதாக்கிய அமைப்பில் இரண்டையும் ஒன்றரை மடங்காக்க வேண்டும். மன்னின் நடுக்கோட்டை ஒட்டி இறங்கினால் திரும்பி வந்து சேர்வது எளிது. வடக்கே ஆசைப்பட்டால் சுற்றுப்பாதையின் சாய்வை மாற்றவே எரிபொருள் கரையும்.

உண்மையான பூமி அளவு வேண்டுபவர்களுக்கு ரியல் சோலார் சிஸ்டம், ரியலிசம் ஓவர்ஹால் என்ற மோட்கள் உண்டு. அங்கே எஃப்-1இன் உந்துவிசையைக் குறைக்க முடியாது, எஞ்சின்களைப் பற்றவைக்கும் வாய்ப்பு எண்ணி வைத்திருக்கும், தொட்டியில் எரிபொருள் மிதந்தால் எஞ்சின் பற்றாது. 9,300 மீ/வி ஏற்றம் என்பது வேறு உலகம். 2.5 மடங்கில் பத்து முறையாவது போய் வந்த பிறகு அங்கே போகலாம்.

திரும்பும்போது பாதையின் தாழ்புள்ளி கெர்பினின் தரைக்கு மேல் 30 முதல் 35 கிமீ இருக்கட்டும். இயல்பு அளவில் 2.5 மீட்டர் வெப்பக் கேடயத்தில் எரிந்து கரையும் பூச்சின் 800 அலகில் 200 மட்டும் வைத்தாலே போதும். மிச்சம் வீண் சுமை. சேவைக்கலத்தை, வளிமண்டலம் தொடங்கும் 70 கிமீக்கு மேலேயே, பாதைக்குக் குறுக்கே திரும்பி நின்று கழற்றுங்கள். நேர்கோட்டில் கழற்றினால் அது பின்னாலேயே வந்து பாராசூட்டில் மோதும்.