வெட்டுவதா, எச்சரித்துவிட்டுக் காட்டுவதா?

பழைய கார்ட்டூன்களில் இருக்கும் இனக்கேலிக் காட்சிகளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. டாம் அண்ட் ஜெரியில் துடைப்பத்தோடு வரும் அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணின் கால்கள் நினைவிருக்கிறதா? 1940 முதல் 1952 வரை வந்த பாத்திரம். முகத்தை அநேகமாகக் காட்டவே மாட்டார்கள். குரல், லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகையுடையது.

1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை அழித்துவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். அவளுக்கு ஜூன் ஃபோரே என்ற நடிகை அயர்லாந்து வாடையோடு குரல் கொடுத்தார். 1990களில் படத்தை அப்படியே விட்டுக் குரலை மட்டும் மாற்றினார்கள். கேலி குறைந்தது, சரி. ஆனால் கூடவே ராண்டால்ஃபின் உழைப்பும் காணாமல் போனது. பெரும்பாலும் வேலைக்காரியாகவே இடம் கிடைத்த ஒருவரை, அந்த இடத்திலிருந்தும் துரத்திய கதைதான்.

இன்னொரு வழி, வெட்டாமல் முன்னறிவிப்போடு தருவது. 2005ல் வந்த டாம் அண்ட் ஜெரி டிவிடியில் கறுப்பின நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க்கே தோன்றி, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று விளக்குகிறார். மறைத்தால், அந்தப் பாரபட்சமே இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிடும் என்பது வாதம். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. என்ன, ஐந்து வயதுக் குழந்தை முன்னுரையெல்லாம் கேட்காது.

யார் முடிவெடுப்பது என்பதும் இருக்கிறது. மெக்சிகோக்காரராகச் சித்திரிக்கப்பட்ட கார்ட்டூன் எலியான ஸ்பீடி கொன்சாலஸை கார்ட்டூன் நெட்வொர்க் 1999ல் ஒதுக்கியபோது, திரும்பக் கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க அமைப்பினரும் உண்டு. 2002ல் எலி திரும்பி வந்தது.

பெரியவர்களுக்கு என்றால் முழுசாகக் காட்டலாம். வெடித்து முகம் கரியானதும் கறுப்பினத்தவராக மாறும் நகைச்சுவையை மட்டும் என் வீட்டுக் குழந்தைக்கு நான் போட மாட்டேன்.