விண்டோஸ், மேக், கேடிஇ: மூன்று சாளரம் வைத்து வேலை செய்பவரின் தீர்ப்பு

நான் மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் மருந்து விளக்கக் குறிப்புகள், விவசாயக் கையேடுகள். வேலை நடக்கும்போது மூன்று சாளரம் கண்முன் இருந்தாக வேண்டும்: இடது பக்கம் ஆங்கில மூலத்தின் பிடிஎஃப், வலது பக்கம் நான் எழுதும் லிப்ரெஆபீஸ் கோப்பு, மூலையில் சின்னதாக ஒரு பிரௌசர். அந்தப் பிரௌசரில் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி எந்நேரமும் திறந்தே கிடக்கும். வீட்டில் இப்போது மூன்று மடிக்கணினிகள் இருக்கின்றன. வேலைக்கென்று கொடுத்த விண்டோஸ் 11, மகளின் மேக்புக், லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 6 என்ற மேசைச் சூழலைப் போட்ட என் பழைய திங்க்பேட். மூன்றையும் மாற்றி மாற்றி அதே 24 அங்குலத் திரையில் சொருகித்தான் இந்த ஒப்பீடு.

விண்டோஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சாளரத்தை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தது 2009-இல் வந்த விண்டோஸ் 7. விண்டோஸ் 10-இல் மூலைக்கு இழுத்தால் கால்பங்கு என்று ஆனது. 2021-இல் விண்டோஸ் 11 இன்னொரு படி போனது. பெரிதாக்கும் பொத்தானின் மேல் மவுஸை நிறுத்தினால் திரையை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் காட்டும், விசைப்பலகையில் விண்டோஸ்+இசட். சும்மா அழகுக்கு வைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் பிரிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. தமிழில் எழுதுபவருக்கு அதுதான் வேண்டும். சரிபாதியாகப் பிரித்தால் மூலத்துக்கு இடம் மிஞ்சும், தமிழ்ப் பக்கம் நெருக்கியடிக்கும். அப்படியும் பத்தவில்லையா, நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் இரண்டு சாளரமும் சேர்ந்தே அளவு மாறும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, அடுக்கி வைத்த தொகுப்பை அது நினைவில் வைத்திருப்பது. நடுவில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதப் போய்விட்டு ஆல்ட்+டேப் தட்டினால், பிடிஎஃபும் கோப்பும் அகராதியும் ஒரே குழுவாக நிற்கும்; ஒரு தேர்வில் மூன்றும் திரும்பி வரும். வெளித் திரையின் கேபிளைப் பிடுங்கினால் அதிலிருந்த சாளரங்கள் கீழே ஒதுங்கும், மறுபடி சொருகினால் பழைய இடத்தில் போய் உட்காரும். டிஸ்பிளே அமைப்புகளில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

சரி, மேக்.

சாளரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மேக்கை அடிக்க ஆளில்லை. ஆனால் வைத்த இடத்தில் வைக்க அது வெகுகாலம் உதவவே இல்லை. 2003-இல் பான்தர் பதிப்பில் எக்ஸ்போஸே வந்தபோது, ஒரே விசையில் எல்லாச் சாளரங்களும் சுருங்கி அருகருகே பரவியது பெரிய விஷயம். 2011-இல் அது மிஷன் கன்ட்ரோலுக்குள் சேர்ந்தது. டிராக்பேடில் மூன்று விரலால் மேலே தள்ளினால் திறந்திருப்பதெல்லாம் தெரியும். கல்யாண மண்டப வாசலில் செருப்புத் தேடுகிற அவஸ்தை கிடையாது. சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் போக்கு. அவ்வப்போது ஒன்றை எட்டிப் பார்ப்பவருக்கு இது சுகம். மூன்றையும் நாள் முழுக்க ஒரே பார்வையில் வைத்திருக்க நினைப்பவருக்குப் போதாது.

ஓரத்துக்கு இழுத்தால் ஒட்டிக்கொள்வது மேக்கில் 2024-இல், செக்கோயா பதிப்பில்தான் வந்தது. விண்டோஸ் 7-க்குப் பதினைந்து வருடம் கழித்து! அதற்கு முன் 2015 முதல் ஸ்ப்ளிட் வியூ இருந்தது. அது இரண்டு சாளரத்தைத் தனி முழுத்திரைக்குக் கொண்டுபோய்விடும், மூன்றாவதுக்கு அங்கே இடமில்லை. செக்கோயாவிலும் பாதி, கால்பங்கு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு கிடையாது. போதாக்குறைக்குச் சாளரங்களைச் சுற்றி இடைவெளி விட்டு வைக்கிறது. அதை அமைப்புகளில் நிறுத்திவிடலாம், முதல் வேலையாக நிறுத்துங்கள். 2022-இல் வந்த ஸ்டேஜ் மேனேஜர் வசதி சாளரங்களைக் குழுவாக வைத்துக்கொள்ளும்தான், ஆனால் இடது ஓரத்தில் ஒரு பட்டையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பட்டையை மறைத்தால், எந்தக் குழு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கமாண்ட்+டேப் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அது சாளரத்துக்குச் சாளரம் தாவாது, செயலிக்குச் செயலி தாவும். லிப்ரெஆபீஸில் இரண்டு கோப்பு திறந்திருந்தால் இரண்டும் சேர்ந்து முன்னால் வந்து நிற்கும். அவற்றுக்குள் மாற வேறு விசை. இதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், என் மகள் உட்பட. எனக்கு ஒத்துவரவில்லை. ரெக்டாங்கிள் என்ற இலவசச் செயலியைப் போட்ட பிறகுதான் அந்த மேக்கில் என்னால் வேலை பார்க்க முடிந்தது. கன்ட்ரோல்+ஆப்ஷன்+டி (T) அழுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு அகலத்தில் வலது பக்கம் போய் உட்காரும்.

கேடிஇ பிளாஸ்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். மெட்டா விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பிடித்துக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தில் இழுத்தாலும் நகரும். அதே விசையோடு வலது பொத்தானால் இழுத்தால் அளவு மாறும். தலைப்புப் பட்டையை ஓடி ஓடிப் பிடிக்க வேண்டாம். 2023-இல் 5.27 பதிப்பில் கட்டம் வரையும் வசதி வந்தது. மெட்டா+டி (T) தட்டி உங்கள் இஷ்டத்துக்குத் திரையைப் பிரித்து வைத்துவிட்டு, பிறகு ஷிஃப்ட்டை அழுத்தியபடி சாளரத்தை இழுத்தால் கட்டத்தில் பொருந்தும். விண்டோஸிலும் இது முடியும், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிசோன்ஸ் மூலம். ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். அலுவலக மடிக்கணினி என்றால் பல இடங்களில் ஐடி ஆட்களின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

என் அகராதிச் சாளரத்துக்குக் கேடிஇயில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன்: எப்போது திறந்தாலும் வலது கீழ் மூலை, இன்ன அளவு, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே. கோப்பைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாலும் லெக்சிகன் மறையாது. மேக்கில் எல்லாச் சாளரத்துக்குமான இப்படியொரு வசதி உள்ளேயே இல்லை; விண்டோஸில் பவர்டாய்ஸ் இருந்தால் விண்டோஸ்+கன்ட்ரோல்+டி (T). குறை இல்லாமல் இல்லை. அந்த விதி எழுதும் பெட்டி ஆளை மிரட்டும் அளவுக்குத் தேர்வுகளால் நிறைந்தது. சாளரங்களைத் திரையில் காட்ட கேடிஇ பயன்படுத்தும் வேலண்ட் முறையில் ஒரு செயலி தனக்கு இந்த இடம் வேண்டும் என்று தானே கேட்டுப் பெற முடியாது என்பதால், விதி எழுதாத சாளரம் மூடித் திறந்தால் பழைய இடத்துக்கே வரும் என்றும் நம்ப முடியாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், மதிப்புரைகளில் யாரும் இதைத் தொடுவதில்லை. விசைப்பலகை மொழி சாளரத்துக்குச் சாளரம் தனியாக இருக்குமா? கோப்பில் தமிழ்99, பிரௌசரில் ஆங்கிலம் என்று தானாக மாறினால் ஒரு நாளில் எவ்வளவு விசை மிச்சம்! விண்டோஸில் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது இந்தத் தேர்வு. மேக்கில் ஆவணத்துக்கு ஆவணம் மாறும்படி வைக்கலாம். கேடிஇயில் எல்லாவற்றுக்கும் பொதுவாகவா, மெய்நிகர் மேசைக்கு மேசையா, செயலிக்குச் செயலியா, சாளரத்துக்குச் சாளரமா என்று நான்கு விதம். மூன்றிலுமே நாமாகத் தேடிப் போய்த்தான் இயக்க வேண்டும்.

லினக்ஸின் இன்னொரு மேசைச் சூழலான க்னோமை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். அழகானது, அமைதியானது, சாளரத்தைச் சுருக்கும் பொத்தானைக்கூட முன்னிருப்பாகக் காட்டாது. நீட்டிப்பு எதுவும் போடாமல் பாதிபாதிக்கு மேல் பிரிக்க முடியாது என்பதால் என் மூன்று சாளரக் கணக்குக்கு அது சரிப்படவில்லை. உபுண்டுவில் 23.10 முதல் கால்பங்கு ஒட்டலைச் சேர்த்தே தருகிறார்கள், அதைப் போட்டுப் பார்க்கலாம்.

என் வேலை நடப்பது கேடிஇயில்தான். ஆனால் இதே தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் கேட்டால் விண்டோஸ் 11 என்றுதான் சொல்வேன், அமைப்புகளைத் தொடாமலேயே முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே மேக் வைத்திருந்தால் ரெக்டாங்கிள் போதும், மாற வேண்டாம். 13 அங்குலத் திரை மட்டும்தான் என்றால் எந்த இயங்குதளமும் உதவாது. புதுக் கணினிக்கென்று வைத்த பணத்தை முதலில் ஒரு வெளித் திரைக்குப் போடுங்கள்.